ஒரே கேம்... பிஎஸ்5-ல் ஓடுது, எக்ஸ்பாக்ஸுக்கு வர ஒரு வருஷம்! ஏன் இந்த இழுபறி? கேம் கம்பெனிகள் போடும் கணக்கு என்ன?

புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கி, கோட்டைப்பட்டினம், ஆலங்குடி பக்கம் பல வீடுகளில் ஒருவராவது சிங்கப்பூரிலோ, மலேசியாவிலோ, வளைகுடாவிலோ வேலையில் இருப்பார். லீவுக்கு திருச்சி ஏர்போர்ட்டில் வந்து இறங்கும்போது பெட்டிக்குள் தைலம், சாக்லேட், சென்ட் பாட்டிலோடு இப்போது இன்னொன்றும் வருகிறது. வீட்டுப் பையன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கேட்ட கேம் கன்சோல்.

பெட்டியைப் பிரித்து டிவியில் மாட்டும்வரை எல்லாம் சந்தோஷம்தான். அதன் பிறகுதான் கேள்விகள் ஆரம்பம். "இந்த கேம் இதுல இல்லையாமே?", "ஃப்ரெண்டு வீட்டுல பளிச்சுனு தெரியுது, நம்ம வீட்டுல ஏன் மங்கலா இருக்கு?", "ஜிடிஏ 6 வந்தா இதுல ஓடுமா?"

முப்பதாயிரம், ஐம்பதாயிரம் கொடுத்து வாங்கிய பொருளில் கேட்ட கேம் ஓடவில்லை என்றால் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வாங்கி வந்தவரும் பாவம், அவருக்கு எல்லாமே ஒரே 'கேம் பாக்ஸ்' தான். ஆனால், கேமை உருவாக்கும் நிறுவனங்களுக்கு அந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தலைவலி.

முதலில், 'தேர்டு பார்ட்டி' என்றால் யார்?

பிளேஸ்டேஷனைத் தயாரிப்பது சோனி, எக்ஸ்பாக்ஸ் மைக்ரோசாப்ட்டுடையது, ஸ்விட்ச் நின்டெண்டோவுடையது. இந்த மூன்று நிறுவனங்களும் தங்கள் கன்சோலுக்காகத் தாங்களே சில கேம்களை உருவாக்குகின்றன. மரியோ கேமை பிளேஸ்டேஷனில் எதிர்பார்க்க முடியாததற்குக் காரணம் அதுதான்.

இவர்களைச் சேராத வெளி நிறுவனங்கள்தான் தேர்டு பார்ட்டி. ஜிடிஏ உருவாக்கும் ராக்ஸ்டார், சைபர்பங்க் உருவாக்கிய போலந்தின் சிடி புராஜெக்ட், தமிழ்க் குடும்பத்தின் கதையை கேமாக்கிய கனடாவின் விசை கேம்ஸ் எல்லாம் இந்த வகை. கன்சோல் யாருடையது என்பதில் இவர்களுக்குப் பற்று கிடையாது. எத்தனை கன்சோலில் கேம் ஓடுகிறதோ, அத்தனை கடை திறந்த மாதிரி.

அப்படியென்றால் எல்லா கன்சோலிலும் வெளியிட வேண்டியதுதானே? அங்கேதான் வன்பொருள் குறுக்கே நிற்கிறது. ஒரு கன்சோலுக்காக எழுதிய கேமை இன்னொன்றில் ஓடும்படி மாற்றி அமைக்கும் வேலைக்கு 'போர்ட்டிங்' என்று பெயர். பென் டிரைவில் காப்பி பண்ணிப் போடுகிற வேலை இல்லை இது. சில சமயம் கேமில் பாதியைத் திரும்ப எழுதுகிற வேலை.

ஒரே பெயர், இரண்டு பெட்டி

2020 நவம்பர் 10-ம் தேதி மைக்ரோசாப்ட் ஒரே நாளில் இரண்டு எக்ஸ்பாக்ஸ்களை இறக்கியது. இந்தியாவிலும் அன்றைக்கேதான் விற்பனை. சீரிஸ் எக்ஸ் விலை 49,990 ரூபாய். சீரிஸ் எஸ் விலை 34,990 ரூபாய். பதினைந்தாயிரம் குறைவு. பார்க்கவும் சின்னதாக, வெள்ளையாக, அழகாக இருக்கும். நடுத்தரக் குடும்பம் எதை வாங்கும் என்பது கேள்வியே இல்லை.

உள்ளே என்ன வித்தியாசம்? சீரிஸ் எக்ஸில் 16 ஜிபி மெமரி, சீரிஸ் எஸ்ஸில் 10 ஜிபி. கிராபிக்ஸ் வேகம் முன்னதில் 12 டெராஃப்ளாப், பின்னதில் 4. மூன்றில் ஒரு பங்கு. ஆனால், பிராசஸர் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே வேகம். மைக்ரோசாப்ட்டின் வாதம் எளிமையானது: "ஒன்று 4கே டிவிக்கு, இன்னொன்று சாதாரண டிவிக்கு. கேம் ஒன்றுதான், படத்தின் தெளிவு மட்டும்தான் மாறும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. டெவலப்பர்கள் வேலையில் இறங்கியபோதுதான் பிரச்சினை வேறு இடத்தில் இருப்பது தெரிந்தது.

கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். கிராபிக்ஸ் வேகம் என்பது அடுப்பு. மெமரி என்பது காய்கறியை நறுக்கிப் பரப்பி வைக்கிற மேடை. அடுப்பு குறைவாக இருந்தால் 500 இலைக்குப் பதில் 200 இலைக்குச் சமைக்கலாம், ருசி மாறாது. படத்தின் தெளிவைக் குறைப்பதும் அப்படித்தான். ஆனால், மேடையே சின்னதாக இருந்தால்? பத்து வகைக்கு நறுக்கியதை எங்கே வைப்பது? அப்போது மெனுவிலேயே கைவைக்க வேண்டியிருக்கும்.

சீரிஸ் எஸ்ஸின் 10 ஜிபியில் சிஸ்டத்துக்கு ஒதுக்கியது போக கேமுக்குக் கிடைப்பது சுமார் 8 ஜிபிதான். சீரிஸ் எக்ஸில் 13.5 ஜிபி. அந்த 8 ஜிபிக்குள்ளேயே படம், ஒலி, கதாபாத்திரங்களின் அசைவு, வில்லன்களின் 'மூளை' எல்லாமும் அடங்க வேண்டும். படத்தின் தெளிவைக் குறைத்தால் கொஞ்சம் இடம் கிடைக்கும். வில்லனின் மூளையைக் குறைத்தால் அது வேறு கேம்.

இதில் ஒரு நிபந்தனையும் உண்டு. எக்ஸ்பாக்ஸில் இந்தத் தலைமுறைக்கு கேம் வெளியிட வேண்டுமென்றால் இரண்டு பெட்டியிலும் ஓட வேண்டும். "பெரியதுக்கு மட்டும் தருகிறேன், சின்னதுக்கு வேண்டாம்" என்று சொல்ல முடியாது.

பால்டர்ஸ் கேட் 3: ஒரு வசதிக்காக நின்ற வண்டி

இந்த நிபந்தனை எங்கே போய் முட்டியது என்பதை உலகமே பார்த்தது 2023-ல்.

பெல்ஜியத்தின் லாரியன் ஸ்டூடியோஸ் உருவாக்கிய 'பால்டர்ஸ் கேட் 3' அந்த ஆண்டு ஆகஸ்ட் 3-ல் கணினிக்கும், செப்டம்பர் 6-ல் பிஎஸ்5-க்கும் வந்தது. எக்ஸ்பாக்ஸுக்கு மட்டும் தேதியே இல்லை. காரணம், 'ஸ்பிளிட் ஸ்கிரீன்'. ஒரே டிவியை இரண்டாகப் பிரித்து, அண்ணனும் தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுகிற வசதி.

இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். அண்ணன் கோட்டைக்குள் போகிறான், தம்பி காட்டுக்குள் போகிறான் என்று வையுங்கள். கேம் இப்போது இரண்டு இடத்தையும் ஒரே நேரத்தில் மெமரியில் ஏற்றி வைத்திருக்க வேண்டும். இரண்டு ஊர், இரண்டு கூட்டம், இரண்டு கேமரா. பெரிய எக்ஸ்பாக்ஸ் இந்தச் சுமையைத் தாங்கியது, சின்னதில்தான் மேடை பற்றவில்லை.

நிபந்தனைப்படி இரண்டிலும் சமமாக வசதி இருக்க வேண்டும். அதனால் சின்னதுக்காகப் பெரியதும் காத்திருந்தது. மைக்ரோசாப்ட் தன் பொறியாளர்களையே உதவிக்கு அனுப்பியும் உடனே தீரவில்லை. 2023 ஆகஸ்டில் ஜெர்மனியின் கேம்ஸ்காம் கண்காட்சியின்போது லாரியன் தலைவர் ஸ்வென் விங்கேவும், எக்ஸ்பாக்ஸ் தலைவர் ஃபில் ஸ்பென்சரும் உட்கார்ந்து பேசினார்கள். மைக்ரோசாப்ட் இறங்கி வந்தது. சீரிஸ் எஸ்ஸுக்கு மட்டும் ஸ்பிளிட் ஸ்கிரீன் இல்லாமல் வெளியிடலாம் என்று முடிவானது.

டிசம்பர் 7-ம் தேதி, 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் ஆண்டின் சிறந்த கேம் விருது வாங்கிய அதே இரவில்தான் எக்ஸ்பாக்ஸில் அது வெளியானது. பிஎஸ்5 வைத்திருந்தவர் மூன்று மாதமாக ஆடி, கதையை முடித்திருப்பார். சீரிஸ் எஸ் வைத்திருந்தவருக்கு அந்தப் பிரிந்த திரை வசதி கிடைத்தது 2025 ஏப்ரலில், எட்டாவது பெரிய அப்டேட்டில்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 'முடியாது' என்று சொன்ன வேலை கடைசியில் முடிந்திருக்கிறது. ஆக, சின்னப் பெட்டியில் நடக்காத காரியம் என்று எதுவும் இல்லை. அதற்கு ஆகும் ஆள்பலமும் மாதங்களும்தான் பிரச்சினை. லாரியன் அப்போது கையில் பணமும் பேரும் இருந்த நிறுவனம். பத்துப் பேர் வேலை செய்யும் ஸ்டூடியோவுக்கு அந்த ஒன்றரை வருஷம் எங்கிருந்து வரும்?

வன்பொருள்தான் காரணமா, வேறு கதையா?

அடுத்த பஞ்சாயத்து 2024-ல். சீனாவின் கேம் சயின்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'பிளாக் மித்: வுகாங்' ஆகஸ்ட் 20-ல் கணினிக்கும் பிஎஸ்5-க்கும் வெளியாகி, மூன்றே நாளில் ஒரு கோடி பிரதிகள் விற்றது. எக்ஸ்பாக்ஸுக்கு வரவில்லை. 2025 ஜனவரியில் அதன் தலைவர் ஃபெங் ஜி சமூக வலைதளத்தில் வெளிப்படையாகவே எழுதினார்: 10 ஜிபி பகிர்வு மெமரிக்குள் அடக்குவது பல வருட அனுபவம் இல்லாமல் மிகக் கடினம் என்று.

இங்கே கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. தங்கள் தளத்தின் குறைபாட்டால் தாமதம் என்று யாரும் தங்களிடம் சொல்லவில்லை என்று மைக்ரோசாப்ட் அதற்கு முன்பே மறுத்திருந்தது. சோனியோடு ஏதாவது ஒப்பந்தம் இருக்குமோ என்று ரசிகர்கள் மத்தியில் பேச்சு ஓடியது. கடைசியில் எக்ஸ்பாக்ஸுக்கு கேம் வந்தது 2025 ஆகஸ்ட் 20-ல். சரியாக ஒரு வருடம், அதே தேதி. சின்னப் பெட்டி, பெரிய பெட்டி இரண்டிலும்தான்.

ஒப்பந்தம் உண்டா இல்லையா என்பது வெளியே வராத விஷயம். ஆனால், ஒரு கேம் வராததற்கு 'வன்பொருள்' என்ற ஒரே வார்த்தையில் பதில் சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மெமரி ஒரு காரணம். அந்த கன்சோலை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள், அவர்கள் காசு கொடுத்து வாங்குவார்களா, சந்தாவில் வரும்வரை காத்திருப்பார்களா என்பதும் காரணம். உழைப்புக்கு ஏற்ற வசூல் இருக்கும் என்று தெரிந்தால் எந்தக் குட்டிப் பெட்டிக்குள்ளும் கேமை அடக்கிவிடுவார்கள்.

அதற்குச் சாட்சி நின்டெண்டோ ஸ்விட்ச். 2017 மார்ச்சில் வந்த அதில் மெமரி வெறும் 4 ஜிபி. கையில் தூக்கிக்கொண்டு போகிற சாதனம், உள்ளே இருப்பதும் போன்களில் இருக்கிற வகை சிப். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் இரண்டிலும் இருக்கும் கணினி வகைப் பிராசஸரோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நியாயமாகப் பார்த்தால் தேர்டு பார்ட்டி நிறுவனங்கள் திரும்பிக்கூடப் பார்த்திருக்கக் கூடாது. ஆனால், கோடிக்கணக்கில் விற்ற கன்சோல் அது. விட மனசு வருமா?

'தி விட்சர் 3' என்ற பிரம்மாண்ட கேமை 2019 அக்டோபரில் சேபர் இன்டராக்டிவ் நிறுவனம் ஸ்விட்சுக்குள் கொண்டுவந்து காட்டியது. 'டூம்' கேமை பேனிக் பட்டன் என்ற நிறுவனம் கொண்டுவந்தது. போர்ட்டிங்கைத் தொழிலாகவே எடுத்துச் செய்கிற நிறுவனங்களும் இருக்கின்றன.

'ஹாக்வார்ட்ஸ் லெகசி' கேமுக்கு 2023-ல் மூன்று வெளியீட்டுத் தேதி. பிப்ரவரி 10-ல் பிஎஸ்5, புதிய எக்ஸ்பாக்ஸ், கணினி. மே 5-ல் பழைய பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன். நவம்பர் 14-ல் ஸ்விட்ச். பெரிய கன்சோலில் ஹாக்ஸ்மீட் கிராமத்துக்குள் நடந்தே போய்விடலாம். ஸ்விட்சில் கிராமத்துக்குள் நுழையும்போது லோடிங் திரை வரும். மேடை சின்னது என்பதால் ஒரு அண்டாவை இறக்கிவிட்டுத்தான் அடுத்ததை வைக்க முடியும்.

இதற்கு எதிர் உதாரணமும் இருக்கிறது. 'கென்ஷின் இம்பாக்ட்' ஸ்விட்சுக்கு வரும் என்று 2020 ஜனவரியில் அறிவித்தார்கள். அந்த ஸ்விட்சுக்கு அடுத்த மாடலான ஸ்விட்ச் 2-வே 2025 ஜூன் 5-ல் வந்துவிட்டது. கேம் வரவில்லை.

அவசரப்பட்டால் என்ன ஆகும்?

சைபர்பங்க் 2077. கேமர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னாலே ஒரு சிரிப்பு வரும்.

2020 டிசம்பர் 10-ல் வெளியானபோது நல்ல கணினியில் ஓரளவு ஓடியது. 2013-ல் வந்த பிஎஸ்4-லும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் கேம் திணறியது. ஆட்கள் அந்தரத்தில் நின்றார்கள், கார்கள் திடீரென முளைத்தன, கேம் அப்படியே நின்றுபோனது. ஒரு வாரத்தில் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்தே அதைத் தூக்கிவிட்டு, காசையும் திருப்பிக் கொடுத்தது. மறுபடி கடைக்கு வந்தது 2021 ஜூன் 21-ல். ஆறு மாதம்.

பழைய கன்சோலை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டார்கள்? கணக்கு எளிது. 2020 டிசம்பரில் புதிய பிஎஸ்5 வந்து ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. பணம் கொடுக்கும் மக்கள் எல்லாம் பழைய பெட்டியோடுதான் இருந்தார்கள். அவர்களை விட்டால் வசூல் போகும், பிடித்தால் பேர் போகும் என்ற நிலை.

பாடம் படித்த நிறுவனம், 2023 செப்டம்பரில் 'ஃபேன்டம் லிபர்ட்டி' என்ற அடுத்த பாகத்தைப் பழைய கன்சோல்களுக்குக் கொடுக்கவே இல்லை. ஆனால், அதே சைபர்பங்க் ஸ்விட்ச் 2 வெளியான முதல் நாளிலேயே அதில் வந்தது. புது ஸ்விட்சில் 12 ஜிபி மெமரி.

பிஎஸ்3 காலத்துப் புண்

இந்தத் தலைவலி நேற்று ஆரம்பித்ததில்லை. பிஎஸ்3-ல் சோனி 'செல்' என்ற விநோதமான பிராசஸரை வைத்தது. ஒரு முதன்மைக் கோர், கேம்களுக்கென ஆறு துணைக் கோர். அந்த ஆறையும் சரியாக வேலை வாங்கத் தெரிந்தால் அசுர வேகம், தெரியாவிட்டால் எக்ஸ்பாக்ஸ் 360-ஐ விடப் பின்தங்கும். மெமரியும் அப்படியே: எக்ஸ்பாக்ஸில் 512 எம்பி ஒரே குவியலாக இருந்தது. பிஎஸ்3-ல் அதே 512 எம்பி, ஆனால் 256, 256 என்று இரண்டு அறையாகப் பிரித்து வைத்திருந்தார்கள்.

ஒரு அறை நிறைந்துவிட்டால் பக்கத்து அறையில் சாவகாசமாக வைக்க முடியாது. 2011-ல் வந்த 'ஸ்கைரிம்' பிஎஸ்3-ல் ஆட ஆட மெதுவாகிக்கொண்டே போனதாகப் புகார் கிளம்பியது. அதன் 'டான்கார்ட்' கூடுதல் பாகம் 2012 ஜூனில் எக்ஸ்பாக்ஸுக்கு வந்தது, பிஎஸ்3-க்கு வந்தது 2013 பிப்ரவரியில்.

அதனால்தான் பிஎஸ்4 வடிவமைக்கும்போது மார்க் செர்னி நேராக டெவலப்பர்களிடமே போய் என்ன வேண்டும் என்று கேட்டார். அவர்கள் முக்கியமாகக் கேட்டது ஒரே குவியலான மெமரி. கிடைத்தது, 8 ஜிபி. அதோடு கணினியில் இருக்கும் அதே வகை பிராசஸர். அன்றிலிருந்து பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், கணினி மூன்றும் உள்ளுக்குள் பங்காளிகள் ஆகிவிட்டன. மூன்றுக்கும் சேர்த்து கேம் எழுதுவது முன்பைவிட எவ்வளவோ சுலபம். இப்போதைய சண்டையெல்லாம் பெரும்பாலும் அளவு பற்றியதுதான்.

நம்ம ஊர் கேம்கள் எந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தன?

இந்தியாவில் நடந்தது சுவாரஸ்யமான கதை. 2009-ல் ஐதராபாத்தின் ஔரோனா டெக்னாலஜிஸ் 'ஹனுமான்: பாய் வாரியர்' என்ற கேமை உருவாக்கியது. முழுக்க இந்தியாவிலேயே உருவான முதல் பிளேஸ்டேஷன் கேம்களில் ஒன்று அது. அப்போது பிஎஸ்3 இந்தியாவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆனால், கேம் வந்தது பழைய பிஎஸ்2-க்கு. பிஎஸ்3 இங்கே அறிமுகமான விலை 39,990 ரூபாய். எத்தனை வீட்டில் இருந்திருக்கும்? எந்தப் பெட்டி மக்கள் வீட்டில் இருக்கிறதோ, அதற்குத்தான் கேம்.

2020-ல் புனேவின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் இதற்கு நேர் எதிரான முடிவை எடுத்தது. துர்கையின் அருள்பெற்ற சிறுமி தன் தம்பியைத் தேடிப் போகும் 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்' கேம், ஆகஸ்ட் 18-ல் முதலில் வந்தது ஸ்விட்சுக்கு. கணினி, பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு அக்டோபர் 15-ல். வேடிக்கை என்னவென்றால், ஸ்விட்ச் இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பனைக்கே வரவில்லை. ஓர் இந்தியப் புராணக் கதையை முதலில் ஆடியவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள். இங்கே ஆடியவர்கள், யாராவது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்த ஸ்விட்ச் வைத்திருந்தவர்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2017-ல் கிக்ஸ்டார்ட்டரில் மக்களிடம் நிதி கேட்டுத் தோற்றுப்போன குழு அது. அவ்வளவு கஷ்டத்தில் இருக்கும் சின்ன ஸ்டூடியோவுக்கு ஒரு கன்சோல் நிறுவனத்தின் மேடை கிடைப்பதே பெரிது. கன்சோலின் பலவீனம் அப்போது இரண்டாம்பட்சம்தான்.

தமிழர்களுக்கு நெருக்கமான இன்னொரு கேம், 'வெண்பா'. கனடாவின் டொராண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் உருவாக்கியது. 1980-களில் கனடாவுக்குக் குடிபோகும் வெண்பா, பாவலன், அவர்கள் மகன் கவின் ஆகியோரின் கதை. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதே ஆட்டத்தின் முதல் புதிர். 2023 ஜூலை 31-ல் கணினி, பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ், ஸ்விட்ச் எல்லாவற்றிலும் ஒரே நாளில் வெளியானது. எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் சந்தாவிலும் முதல் நாளே. 2024 ஏப்ரலில் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதையும் தட்டியது.

பால்டர்ஸ் கேட் தடுமாறிய அதே சீரிஸ் எஸ்ஸில் வெண்பா எப்படி முதல் நாளே வந்தது? கைவரைந்த 2டி ஓவியங்கள், அளவான அறைகள், ஓர் அடுப்படி. 4 ஜிபி ஸ்விட்சுக்கே அது சுமை இல்லை. (யாப்பு படித்தவர்களுக்குத் தெரியும்: வெண்பாவுக்கு விதிகள் கறார். கடைசி அடியில் மூன்றே சீர், வெண்டளை தவிர வேறு தளை வரக் கூடாது. முதலிலேயே அந்த அளவுக்கு எழுதினால் பிரச்சினை இல்லை. ஆசிரியப்பாவாக எழுதி முடித்துவிட்டு வெண்பாவுக்குள் அடக்கச் சொன்னால்தான் வியர்க்கும். போர்ட்டிங்கும் அப்படித்தான்.)

சின்னக் குழுக்களுக்கு இருக்கும் உண்மையான செலவு வேறு இடத்தில். ஒவ்வொரு கன்சோலுக்கும் தனி டெவலப்பர் கருவி வேண்டும், சோனி, மைக்ரோசாப்ட், நின்டெண்டோ மூவரும் தனித்தனியே வைக்கும் சோதனையில் பாஸ் ஆக வேண்டும், வெளியான பிறகு ஒரு சின்னத் தவறைத் திருத்தினாலும் அந்த அப்டேட்டை எல்லா இடத்திலும் மறுபடி சோதிக்க வேண்டும். இரண்டு பெட்டி கூடினால் இரண்டு பேரின் சம்பளம் கூடும். கேமை விரிவாக்குவதா, இன்னொரு கன்சோலுக்குப் போவதா என்று வரும்போது பல குழுக்கள் முதலில் கணினியில் மட்டும் வெளியிட்டு, வசூலைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது இதனால்தான்.

'எங்க வீட்டுல போன்தான்' என்பவர்களுக்கும் இதே கதைதான்

இந்தச் செய்தியைப் படிப்பவர்களில் பலர் கன்சோலைத் தொட்டிருக்கக்கூட மாட்டார்கள். ஆனால், இந்தப் பிரச்சினையின் உச்சத்தை அனுபவிப்பவர்கள் போனில் ஆடுபவர்கள்தான். கன்சோலில் நாலைந்து மாடல் என்றால் ஆண்ட்ராய்டில் ஆயிரக்கணக்கில். ரேம் வேறு, சிப் வேறு, சூடாகும் விதம் வேறு. பிஜிஎம்ஐயில் சில போன்களில் மட்டும் 90 எஃப்பிஎஸ் ஆப்ஷன் தெரிவதும், அடுத்தவர் போனில் அந்த ஆப்ஷனே இல்லாததும் இதனால்தான்.

கேம் நிறுவனங்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி, ஒரே கேமில் இரண்டு பதிப்பு. பப்ஜி மொபைலில் 100 பேர் என்றால், பப்ஜி மொபைல் லைட்டில் சின்ன மேப், 60 பேர். விலை குறைந்த போனுக்கென்றே செய்தது. ஃப்ரீ ஃபயர் ஆரம்பத்திலிருந்தே 50 பேர்தான், சாதாரண போனைக் குறிவைத்து வந்த கேம். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அது அப்படிப் பரவியதற்கு இதுவும் முக்கியக் காரணம். 2021 செப்டம்பரில் 'ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்' வந்தது. அதே கேம், நல்ல கிராபிக்ஸ், நல்ல போன் வேண்டும்.

பிறகு நடந்ததைத்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. 2020 செப்டம்பர் 2-ல் மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளின் பட்டியலில் பப்ஜி மொபைலும் இருந்தது, லைட்டும் இருந்தது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் பெரியது திரும்பியது. லைட் திரும்பவில்லை. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடை செய்யப்பட்டது. கனமான மேக்ஸ் பிளே ஸ்டோரில் தொடர்ந்தது.

இரண்டு முறையும் விலை குறைந்த போன் வைத்திருந்தவருக்கென இருந்த பதிப்புதான் காணாமல் போனது. தடைக்கான காரணங்கள் வேறு, அது தனி விவாதம். ஆனால், 2 ஜிபி ரேம் போனை வைத்துக்கொண்டு ஆடியவரின் பக்கம் நின்று பார்த்தால், அவருக்கு மிஞ்சியது போன் சூடாகி ஹேங் ஆகும் பெரிய பதிப்பு மட்டுமே. போனை மாற்று, இல்லையென்றால் ஆட்டத்தை விடு.

இப்போது கன்சோல் வாங்குவதாக இருந்தால்?

பலரும் கேட்கும் ஜிடிஏ 6-க்கு வருவோம். 2026 நவம்பர் 19 என்று தேதி அறிவிக்கப்பட்டுள்ளது. அறிவித்திருக்கும் கன்சோல்கள் பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ். பிஎஸ்4 பட்டியலில் இல்லை. ஓஎல்எக்ஸில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஜிடிஏ 6-ஐ மனதில் வைத்து பிஎஸ்4 வாங்கினால் ஏமாற்றம்தான். ஜிடிஏ 5 மட்டும் ஆடலாம் என்றால் தாராளமாக வாங்கலாம். 2013-ல் பிஎஸ்3-க்கு வந்த அந்த கேம் அடுத்த ஆண்டு பிஎஸ்4-க்கும், 2022-ல் பிஎஸ்5-க்கும் வந்து, மூன்று தலைமுறை பார்த்துவிட்டது.

வெளிநாட்டிலிருந்து வாங்கி வரச் சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024 நவம்பரில் வந்த பிஎஸ்5 ப்ரோ இந்தியாவில் வெளியாகவில்லை. அதிலுள்ள வைஃபை 7 பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இந்தியா உள்ளிட்ட சில நாடுகளில் அப்போது அனுமதி இல்லை என்று சோனி காரணம் சொன்னது. இங்கே விற்காத மாடலை வாங்கி வந்தால், ரிப்பேர் என்று வரும்போது உள்ளூரில் வாரன்டி கேட்க முடியாது. ப்ரோவுக்கென்று தனி கேம்களும் கிடையாது. சாதாரண பிஎஸ்5-ல் ஓடாத கேம் எதுவும் ப்ரோவுக்கு மட்டும் வருவதில்லை, படம்தான் கூடுதல் தெளிவு. ஸ்விட்ச், ஸ்விட்ச் 2 இரண்டுக்கும் இங்கே அதிகாரபூர்வ விற்பனை இல்லை.

ஸ்விட்ச் 2-ல் இன்னொரு சிக்கலும் உண்டு. கடையில் வாங்கும் சில கேம் அட்டைகளில் கேமே இருக்காது, திறக்கும் சாவி மட்டும்தான் இருக்கும். 'கேம்-கீ கார்டு' என்று பெயர். முழு கேமையும் இன்டர்நெட்டில் டவுன்லோடு செய்ய வேண்டும். சிங்கப்பூர் வைஃபையில் அது சில நிமிட வேலையாக இருக்கலாம். ஊரில் ஒரு நாளைக்கு 2 ஜிபி மொபைல் டேட்டாவை நம்பி இருக்கும் வீட்டில் எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சீரிஸ் எஸ் வாங்கலாமா? வெண்பா மாதிரி கேம்கள், கால்பந்து, கிரிக்கெட் என்று ஆடுபவர்களுக்கு அது இன்றும் குறை சொல்ல முடியாத பெட்டி. புதிய பெரிய கேம்களை வெளியான அன்றே ஆட வேண்டும் என்பவர்கள், 10 ஜிபி என்ற அந்த எண்ணை மறக்க வேண்டாம். அதில் டிஸ்க் போடும் வசதி கிடையாது, எல்லாமே டவுன்லோடுதான். முதலில் வந்த மாடலில் சேமிப்பு இடம் 512 ஜிபி, அதிலும் ஒரு பகுதி சிஸ்டத்துக்குப் போய்விடும். ஒரு கேமே 100 ஜிபியைத் தொடும் காலத்தில் மூன்று, நான்கு பெரிய கேம் ஏற்றியதும் ஒன்றை அழித்துவிட்டுத்தான் அடுத்ததை ஏற்ற முடியும்.